வரைய ஆரம்பிக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை காலைல நாங்க கொஞ்சப் பேர் ஒண்ணா உக்காந்து வரைவோம். புதுசா வர்றவங்களும், வரணும்னு ஆசை இருந்தும் தள்ளிப்போட்டுட்டே இருக்கவங்களும் கேக்கறது சுத்திச் சுத்தி இதே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை வறண்டு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். ஆரம்பத்துல இருக்கிறது ரொம்ப அடிப்படை, கொஞ்சம் வரைஞ்சு பழகினவங்க பாதிக்கு மேல நேரா போயிடலாம்.

எனக்கு நேர்கோடு கூட ஒழுங்கா வராது. நானெல்லாம் வரைய முடியுமா?

நேர்கோடு வேணும்னா ஸ்கேல் இருக்கு. மாங்கா, செருப்பு, பூனை, பாட்டி முகம், இப்படி நீங்க ஆசையா வரையப் போற எதுலயும் நேர்கோடே கிடையாது. அதனால இத ஒரு காரணமா சொல்லாதீங்க.

ஆனா கோடு நடுங்குது, விட்டு விட்டு வருதுன்னா அதுக்கு வழி இருக்கு. நாம எழுதிப் பழகினவங்க, மணிக்கட்ட ஊனிக்கிட்டு விரலால மட்டும் பென்சில நகத்துவோம், சின்ன எழுத்துக்கு அது போதும், நீளமான கோட்டுக்கு போதாது. முழங்கையும் தோளும் சேர்ந்து நகரணும். ரெண்டு புள்ளி வைங்க, பேப்பரத் தொடாம மேலாப்புல ரெண்டு மூணு தடவ கைய ஓட்டிப் பாருங்க, அப்புறம் பென்சில் முனையப் பாக்காம போய்ச் சேர வேண்டிய புள்ளியப் பாத்துக்கிட்டே ஒரே இழுப்பு. ஒரு பக்கம் முழுக்க இதப் பண்ணா கடைசி வரில இருக்கிற கோடும் முதல் வரில இருக்கிற கோடும் ஒரே ஆள் போட்டதான்னு இருக்கும்.

இதெல்லாம் பிறவிலயே கைல வரணும்னு சொல்றாங்களே?

சொல்றவங்க யாரும் வரையிறவங்களா இருக்க மாட்டாங்க, கவனிச்சுப் பாருங்க. ஆனந்த விகடன்ல வரைஞ்ச கோபுலுவ நிறைய பேருக்குத் தெரியும். பக்கவாதம் வந்து வலது கை ஒத்துழைக்காமப் போனப்போ அவர் இடது கையால வரைஞ்சு பழகினாரு. திறமை அந்த வலது கை விரல்லயே இருந்திருந்தா அதோட கதை முடிஞ்சிருக்கணும் இல்லையா. வருஷக்கணக்கா மனுஷங்களப் பாத்துப் பாத்து கண்ணுல ஏத்தி வச்சிருந்தது எங்கயும் போகல, வேற கைக்கு கொஞ்சம் பழக்கம்தான் தேவைப்பட்டுது.

சில பேருக்கு சீக்கிரம் வரும், சில பேருக்கு மெதுவா வரும், அது உண்மை. ஆனா எனக்குத் தெரிஞ்சு சீக்கிரம் வந்தவங்கதான் பாதில விட்டுட்டுப் போறாங்க. பாராட்டு வாங்கியே பழகினவங்க, முதல் தடவ ஒரு படம் சொதப்பினதும் பென்சில உள்ள வச்சிடறாங்க.

என்ன பென்சில் வாங்கணும்? கடைல 12 பென்சில் டப்பா காட்டறாங்க, அது வேணுமா?

வேணாம். எச்பி ஒண்ணு, 2பி ஒண்ணு, 4பி இல்லாட்டி 6பி ஒண்ணு, மூணு போதும். அப்சரா, கேம்லின், நடராஜ் எது கிடைச்சாலும் சரி. அந்த பெரிய டப்பால இருக்கிற எச் பென்சிலெல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சும் அப்படியே புதுசா இருக்கும், பாத்திருக்கேன்.

பி ஏற ஏற கறுப்பாவும் மெத்துன்னும் இருக்கும், எச் ஏற ஏற கெட்டியா, வெளுப்பா இருக்கும். உள்ள இருக்கிறது ஈயம் கிடையாது, கிராஃபைட்டோட களிமண்ண கலந்து சுட்டது. களிமண் கூடினா கெட்டி, குறைஞ்சா கறுப்பு. 1795ல பிரான்ஸ்ல கோன்டேங்கிறவர் காப்புரிமை வாங்கின முறை, இன்னிக்கும் அடிப்படை அதேதான். அதனால குழந்தை பென்சிலக் கடிச்சா ஈயம் உள்ள போயிடும்னு பதற வேண்டியதில்ல, கடிக்காம இருந்தா நல்லது அவ்ளோதான்.

ஷார்ப்னரவிட பிளேடுல சீவினா முனை நீளமா கிடைக்கும், படுக்க வச்சு ஷேட் பண்ணலாம். குழந்தைங்க கைல மட்டும் பிளேடு குடுத்துடாதீங்க.

நல்ல ஸ்கெட்ச்புக் வாங்கினப்புறம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எது வாங்கறது?

இப்படி சொன்னவங்கள்ல பாதி பேர் இன்னும் வாங்கல, மீதிப் பேர் வாங்கி முதல் பக்கத்த அழுக்காக்க பயந்துட்டு அலமாரில வச்சிருக்காங்க. ஜெராக்ஸ் கடைல கிடைக்கிற ஏ4 பேப்பர், ஒரு பக்கம் மட்டும் பிரின்ட் ஆன ஆபீஸ் பேப்பரோட பின்பக்கம், கோடு போடாத நோட்டு, எதுலயும் இன்னிக்கே ஆரம்பிக்கலாம். ஜெராக்ஸ் பேப்பர் 70லேர்ந்து 80 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்தச் சொல்ற அளவு) இருக்கும், பென்சிலுக்கும் பால்பாயின்ட் பேனாவுக்கும் தாராளம். வாட்டர்கலர் பண்ணப் போறீங்கன்னா மட்டும் 300 ஜிஎஸ்எம் பாருங்க, மெல்லிசு பேப்பர்ல தண்ணி பட்டா அப்பளமா சுருண்டுக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. தனித்தனித் தாளா இருந்தா தேதி போட்டு ஒரு ஃபைல்ல சேத்து வைங்க, நோட்டா இருந்தா பக்கத்தக் கிழிக்காதீங்க. ஏன்னு கீழ ஒரு கேள்வில வரும்.

பேப்பர எடுத்து வச்சா மண்டை காலியாயிடுது. எதத்தான் வரையிறது?

மண்டைலேர்ந்து வரையணும்னு யார் சொன்னா. எதிர்ல இருக்கிறத வரைங்க. நான் எல்லாருக்கும் முதல்ல குடுக்கறது ஒரு எவர்சில்வர் டம்ளர். கேவலமா பாப்பாங்க, இதப் போய் வரையவா வந்தோம்னு. அரை மணி நேரம் கழிச்சு பாத்தா அதே ஆளு டம்ளரத் தூக்கித் தூக்கி உத்துப் பாத்துட்டிருப்பாரு.

விஷயம் என்னன்னா, டம்ளரோட வாய் வட்டம்னு நமக்குத் தெரியும், அடி தட்டைன்னும் தெரியும். அதனால மேல ஒரு உருண்ட வட்டத்தப் போட்டு, கீழ ஸ்கேல் வச்ச மாதிரி ஒரு நேர்கோடு போட்டுடறோம். மேசை மேல வச்சு உக்காந்து பாருங்க. வாய் வட்டமா தெரியாது, அமுங்கின நீள்வட்டமா தெரியும். அடிப்பாகமும் வளைஞ்சுதான் தெரியும். அதுவும் மேல இருக்கிறதவிட கீழ இருக்கிற வளைவு இன்னும் உருண்டையா இருக்கும், ஏன்னா அது உங்க கண்மட்டத்துலேர்ந்து இன்னும் கீழ தள்ளி இருக்கு. டம்ளர கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சீங்கன்னா வாய் வெறும் கோடாயிடும், மெல்ல கீழ இறக்க இறக்க தொறந்துக்கிட்டே வரும். இத ஒரு தடவ கண்ணால பாத்துட்டா அப்புறம் குடம், வாளி, அண்டா, கிணறு எல்லாமே வந்துடும். நீள்வட்டத்தோட ரெண்டு ஓரமும் கூரா வரக்கூடாது, எவ்ளோ ஒல்லியா இருந்தாலும் அங்க சின்னதா ஒரு வளைவு உண்டு.

அடுத்து பளபளப்பு. எவர்சில்வர்னா சாம்பல் கலர்னு நெனச்சு பூரா ஒரே சாம்பலா தேய்ச்சா அலுமினியம்கூட ஆகாது. உத்துப் பாத்தா நல்ல கறுப்பும் நல்ல வெள்ளையும் பக்கத்துப் பக்கத்துல பட்டை பட்டையா மேலேர்ந்து கீழ ஓடும், நடுவுல உங்க மூஞ்சியும் ஜன்னலும் ஒடுங்கிப் போய்த் தெரியும். அந்த பட்டைங்கள அப்படியே அதுங்க இருக்கிற இடத்துல வச்சா போதும், தானா மின்னும். டம்ளர் முடிஞ்சா டவரா, அப்புறம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, கட்டில் மேல அவுத்துப் போட்ட சட்டை, வீட்ல பொருளுக்கா பஞ்சம்.

நான் வேலைக்குப் போறேன், குழந்தை வேற இருக்கு. தினம் எவ்ளோ நேரம் வரையணும்?

15 நிமிஷம். சத்தியமா அது போதும். ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் வரைஞ்சிட்டு வாரம் பூரா தொடாம இருக்கிறதவிட தினம் கால் மணி நேரம் எவ்ளோவோ மேல், கை சூடு ஆறாம இருக்கும். குக்கர் நாலு விசில் வர்ற வரைக்கும் ஒரு கத்திரிக்கா வரைங்க. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா விட்டதுதான், மறுநாள் ரெண்டு மடங்கு வரைஞ்சு சரிக்கட்டணும்னு கணக்கு போடாதீங்க, அந்த கடன் ஏறி ஏறித்தான் பாதி பேர் நிறுத்தறாங்க.

பென்சிலும் பேப்பரும் கண்ணுல படற இடத்துல இருக்கணும், அது முக்கியம். பீரோவுக்குள்ள இருந்தா எடுக்க மாட்டீங்க.

எனக்கு 52 வயசு. இப்போ ஆரம்பிச்சா சிரிக்க மாட்டாங்களா?

சிரிப்பாங்க, ஒரு வாரம். அப்புறம் அவங்களே என் பேத்திய வரைஞ்சு குடுங்கன்னு போட்டோ அனுப்புவாங்க. எங்ககூட வரையிறவங்கள்ல ரிடையர் ஆனவங்கதான் ஒழுங்கா நேரத்துக்கு வர்றாங்க, பொறுமையும் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. கண்ணாடி போட்டுக்கோங்க, நல்ல வெளிச்சத்துல உக்காருங்க, வேற எந்த வித்தியாசமும் கிடையாது.

ரப்பர் யூஸ் பண்ணக்கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாரு, நிஜமா?

யூஸ் பண்ணலாம், ஆனா கடைசில. தப்பான கோட்ட உடனே அழிச்சீங்கன்னா அடுத்த கோடும் அதே இடத்துலதான் போய் விழும், பல பேர் பேப்பர் கிழியிற வரைக்கும் இதையே பண்ணுவாங்க. தப்புக் கோடு அங்கயே இருக்கட்டும், அதவிட கொஞ்சம் உள்ளயா வெளியவான்னு பாத்து சரியான கோட்டப் போடுங்க, எல்லாம் முடிஞ்சதும் வேண்டாதத அழிச்சிக்கலாம். அதனாலதான் ஆரம்பக் கோடு இருக்கா இல்லையான்னு தெரியற அளவுக்கு லேசா இருக்கணும்.

இந்தப் பழக்கம் போகவே மாட்டேங்குதுன்னா பத்து நாளைக்கு பால்பாயின்ட் பேனாவால மட்டும் வரைங்க. அழிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் கை தானா யோசிச்சு நகரும்.

நான் கோலம் நல்லாப் போடுவேன், சிக்குக் கோலம்கூட பாக்காம போடுவேன். ஆனா பேப்பர்ல ஒரு பூ வரைய வரல. ஏன்?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா கேக்கறவங்களுக்கு அவங்க எவ்ளோ தூரம் வந்துட்டாங்கன்னு தெரியறதே இல்ல. குனிஞ்சு நின்னுக்கிட்டு தோளிலேர்ந்து கைய வீசி, மாவு தடிப்பு மாறாம ஒரே இழுப்புல வளைவு போடறீங்க, முதல் கேள்வில நான் சொன்னது பூரா அதுதான். புள்ளிக்குப் புள்ளி சம இடைவெளி கண்ணாலயே அளக்கறீங்க. இந்த ரெண்டும் வர்றதுக்கே மத்தவங்களுக்கு மாசக்கணக்காகும்.

இல்லாதது ஒண்ணுதான். கோலம் ஞாபகத்துலேர்ந்து வர்றது, எதிர்ல இருக்கிற செம்பருத்தி அப்படி இல்ல. கோலத்துல அஞ்சு இதழும் ஒரே மாதிரி இருக்கணும், செடில இருக்கிற பூவுல ஒரு இதழ் நம்மளப் பாத்து மடிஞ்சிருக்கும், ஒண்ணு முக்கால்வாசி மறைஞ்சிருக்கும், ஒண்ணு ஓரத்துல பூச்சி அரிச்சிருக்கும். உங்க கை அத சரி பண்ணி அழகாக்கப் பாக்கும், விடாதீங்க. கோணலா இருந்தா கோணலாவே போடுங்க.

முகம் வரைஞ்சா வேற யாரோ மாதிரி வருதே?

நூத்துக்குத் தொண்ணூறு பேர் கண்ண ரொம்ப மேல வைக்கறாங்க. நெத்தியும் மண்டையும் நமக்கு முக்கியமாத் தெரியாததால அத சுருக்கிடறோம். உச்சந்தலைலேர்ந்து தாடை வரைக்கும் அளந்தா கண்ணு சரியா பாதில இருக்கும், கண்ணாடி முன்னாடி ஸ்கேல் வச்சுப் பாருங்க. ரெண்டு கண்ணுக்கு நடுவுல இன்னொரு கண்ணு அளவு இடம் இருக்கும். காது புருவத்துக்கும் மூக்கு அடிக்கும் நடுவுல நிக்கும். இதெல்லாம் பொதுக் கணக்கு, ஆனா ஜாடைங்கிறது இந்தக் கணக்குலேர்ந்து அந்த ஆளு எங்க விலகறாருங்கிறதுலதான் இருக்கு. மாமாவுக்கு மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவுல இடம் ஜாஸ்தின்னா அதப் புடிங்க, அங்கதான் மாமா இருக்காரு. கண் இமை முடி ஒவ்வொண்ணா போட்டு ஜாடை வராது.

இன்னொரு பயிற்சி, போட்டோவ தலைகீழா வச்சு, பேப்பர்லயும் தலைகீழாவே வரையிறது. மூக்கு, கண்ணுன்னு பேர் மறந்துபோய் வெறும் வளைவும் நிழலுமா தெரியும், டம்ளர் கேள்வில சொன்ன அதே சிக்கலுக்கு இது நல்ல மருந்து. முடிச்சுத் திருப்பிப் பாக்கும்போது நீங்களே நம்ப மாட்டீங்க.

ஷேடிங் பண்ணா படம் அழுக்காயிடுது. விரலால தேய்க்கலாமா?

விரல் வேணாம். தோல்ல இருக்கிற எண்ணெய் பேப்பர்ல ஏறிடும், அந்த இடத்துல அப்புறம் பென்சில் சமமா பிடிக்காது, திட்டுத் திட்டா நிக்கும். டிஷ்யூ, பஞ்சு, இல்லாட்டி பேப்பரையே இறுக்கி உருட்டின குச்சி எடுத்துக்கோங்க. கைக்கு அடில ஒரு வெத்துத் தாள் வச்சுக்கிட்டா வேர்வைலயும் படம் கலையாது, நம்மூர் மே மாசத்துக்கு அது ரொம்ப அவசியம்.

ஆனா அழுக்காத் தெரியறதுக்குப் பெரிய காரணம் வேற, நீங்க கறுப்புக்கு பயப்படறீங்க. எல்லா இடமும் நடுத்தர சாம்பலா இருந்தா எதுவும் உருண்டையாத் தெரியாது. ஒரு முட்டைய ஜன்னல் பக்கத்துல வைங்க, மேல எரியற டியூப்லைட்ட அணைச்சிடுங்க, வெளிச்சம் ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் வரணும். கண்ணப் பாதி மூடிப் பாத்தா சின்னச் சின்ன விவரமெல்லாம் போய் வெளிச்சம், நிழல் ரெண்டும் தனித்தனியாப் பிரிஞ்சு தெரியும். முட்டையோட இருட்டுப் பக்கத்துல கடைசி ஓரத்துல லேசா ஒரு வெளிச்சம் இருக்கும், மேசைல பட்டுத் திரும்பி வர்றது. முட்டைக்கு அடில மேசையத் தொடற இடந்தான் படத்துலயே கறுப்பு, 6பி-ய எடுத்து தயங்காம அழுத்துங்க. அந்த ஒரு கறுப்பு விழுந்ததும் முட்டை மேசைல உக்காரும்.

போட்டோ பாத்து வரைஞ்சா காப்பி அடிக்கிறதுதானே? கட்டம் போட்டு வரையலாமா?

பழகறதுக்கு எதப் பாத்தும் வரையலாம். கட்டம் போடறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, அந்தக் காலத்துல மவுண்ட் ரோட்ல நின்ன சினிமா பேனரெல்லாம் சின்ன போட்டோல கட்டம் போட்டு, அதே கட்டத்த பெரிய துணில போட்டு ஏத்தினதுதான். அந்த ஓவியர்கள யாராவது வரையத் தெரியாதவங்கன்னு சொல்லிடுவாங்களா. ஆனா கட்டம் போட்டு மட்டுமே வரைஞ்சிட்டிருந்தா கட்டம் இல்லாத அன்னிக்கு கை கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும். அதனால கட்டத்த மெல்ல மெல்ல பெருசாக்குங்க, முதல்ல ஒரு இன்ச், அப்புறம் ரெண்டு இன்ச், அப்புறம் நடுவுல ஒரே ஒரு கூட்டல் குறி, அப்புறம் ஒண்ணுமே இல்லாம.

போட்டோல ஒரு குறை உண்டு, நிழல் பூரா ஒரே கறுப்பா அடைச்சுப் போயிருக்கும், நேர்ல பாத்தா அதே நிழலுக்குள்ள எவ்ளோவோ இருக்கும். வாரத்துக்கு ஒண்ணாவது நேர்ல பாத்து வரைங்க. இன்னொருத்தர் வரைஞ்சதப் பாத்து வரைஞ்சீங்கன்னா அவர் பேரப் போட்டுடுங்க.

வெளில உக்காந்து வரையக் கூச்சமா இருக்கு, எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க.

பாக்கத்தான் செய்வாங்க, நம்ம ஊர்ல எட்டிப் பாக்காம இருந்தாத்தான் அதிசயம். சுவத்துல முதுகு ஒட்டி உக்காந்துட்டா பின்னாடி யாரும் நிக்க முடியாது, பாதிக் கூச்சம் அங்கயே போயிடும். சின்ன நோட்டு, ஒரு பேனா, அவ்ளோதான் எடுத்துட்டுப் போகணும். மயிலாப்பூர்ல தெப்பக்குளத்துப் படிக்கட்டு ஓரம் நல்ல இடம். கூட்டமே பிடிக்காதுன்னா எழும்பூர் மியூசியத்துல சோழர் காலத்து வெண்கலச் சிலைங்க இருக்கிற இடத்துக்குப் போங்க, அதுங்க ஆடாம அசையாம நிக்கும், இடுப்பு ஒரு பக்கம் தோள் ஒரு பக்கம்னு உடம்போட எடை எந்தக் கால்ல இறங்குதுன்னு கத்துக்க அதவிட நல்ல மாடல் கிடையாது. மாமல்லபுரம் போனீங்கன்னா அர்ச்சுனன் தபசு பாறைல பின்னங்கால்ல நின்னு தவம் பண்ற பூனை ஒண்ணு இருக்கு, சுத்தி எலிங்க. முழுப் பாறையும் வரைய உக்காராதீங்க, அந்தப் பூனை மட்டும் போதும்.

ஆளுங்கள வரையணும்னா பஸ் ஸ்டாண்ட். முதல் அரை நிமிஷத்துல தலை, முதுகு, கால், எப்படி சாஞ்சிருக்காங்க, இது மட்டும். மூக்கு முழியெல்லாம் தேடாதீங்க, அதுக்குள்ள 23சி வந்து அவர் ஏறிப் போயிடுவாரு. யாராவது முகம் சுளிச்சா நோட்ட மூடிட்டு வேற பக்கம் திரும்பிடுங்க, அவங்கள வரையிறது நமக்கு உரிமை கிடையாது.

வீடு, தெரு வரைஞ்சா எல்லாம் சாஞ்சு விழற மாதிரி இருக்கு. பர்ஸ்பெக்டிவ் புரியவே மாட்டேங்குது.

பர்ஸ்பெக்டிவ்னா தூரம் போகப் போக எல்லாம் சின்னதாத் தெரியறத பேப்பர்ல கொண்டுவர்றது. அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியணும், கண்மட்டம். நீங்க உக்காந்தா அது கீழ வரும், நின்னா மேல போகும். உங்களவிட்டு விலகிப் போற கோடுங்கள்ல கண்மட்டத்துக்கு மேல இருக்கிறது கீழ்நோக்கி இறங்கும், கீழ இருக்கிறது மேல்நோக்கி ஏறும். டம்ளரத் தூக்கி இறக்கினோமே, அதே சமாச்சாரந்தான், இப்போ வட்டத்துக்குப் பதிலா சுவரு.

புஸ்தகத்துல படிச்சா தலை சுத்தும், ஒரு செட்டிநாட்டு வீட்டு வாசல்ல போய் நின்னா ஒரு நிமிஷத்துல புரியும். முகப்புலேர்ந்து பாத்தா வளவு, ரெண்டாங்கட்டு, பின்கட்டுன்னு ஒரே நேர்ல பின்வாசல் வெளிச்சம் வரைக்கும் தெரியும், தூணு, உத்தரம், தரை ஓரம் எல்லாமே அந்தக் கடைசி வாசல்ல ஒரு புள்ளியப் பாத்துப் போகும். முதல்ல அந்தப் புள்ளிய வைங்க, அப்புறம் மத்த கோடுங்களையெல்லாம் அங்க இழுங்க. காரைக்குடி தூரம்னா ரயில்வே பிளாட்பாரம் போதும்.

யூடியூப் பாத்தே கத்துக்கலாமா, இல்ல கிளாஸ்ல சேரணுமா?

யூடியூப்ல எல்லாம் இருக்கு, பிரச்சனையே அதுதான். ஒரு வீடியோ பாத்தா கூடவே ஒரு படம் முடிச்சிருக்கணும், இல்லாட்டி அது சீரியல் பாக்கற கணக்குல சேந்துடும். கிளாஸ்ல கிடைக்கிற ஒரே நன்மை, நீங்க எங்க சறுக்கறீங்கன்னு பக்கத்துல இருந்து ஒருத்தர் சொல்லுவாரு. அந்த ஒருத்தர் உங்க பேப்பர வாங்கி அவரே வரைஞ்சு அழகாக்கிக் குடுக்கறாருன்னா அந்த கிளாஸ்லேர்ந்து வந்துடுங்க.

இதையே தொழிலாப் படிக்கணும்னா சென்னை, கும்பகோணம் ரெண்டு ஊர்லயும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு. சென்னைல இருக்கிறது 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்ங்கிற டாக்டர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம். சேர்றதுக்கு மார்க் மட்டும் போதாது, வரைஞ்சும் காட்டணும், அதனால பிளஸ் டூ பசங்க நேர்ல பாத்து வரைஞ்ச படங்களா சேத்து வைங்க. ஹீரோ போட்டோவ பாத்து வரைஞ்சது எல்லார்கிட்டயும் இருக்கும்.

மொபைல்லயே, டேப்லயே வரையலாமா? பேப்பர் செலவு மிச்சம்தானே?

தாராளமா. டேப்னா கிரிட்டாங்கிற ஆப் ஃப்ரீ, ஐபிஸ் பெயின்ட்டும் பேருக்கு விளம்பரம் வருமே தவிர நல்லாத்தான் இருக்கு. கடைல நூறு எரநூறுக்கு விக்கிற ரப்பர் முனை ஸ்டைலஸ்ல அழுத்தம் தெரியாது, விரலால வரையிறதும் அதுவும் ஒண்ணுதான், எதிர்பார்த்து ஏமாந்துடாதீங்க. இன்னொண்ணு, அன்டூ, அதாவது போட்ட கோட்ட ஒரு தட்டுல எடுத்துடற பட்டன். ரப்பர் பத்தி சொன்னதெல்லாம் இங்க பத்து மடங்கு பொருந்தும், ஒரே கோட்ட நாப்பது தடவ அன்டூ பண்ணிட்டு உக்காந்திருப்பீங்க. வாரத்துல ரெண்டு நாளாவது பேப்பருக்கு வாங்க.

ஆறு மாசமா வரையிறேன், முன்னேற்றமே இல்ல. சொல்லப்போனா முன்னவிட மோசமாயிட்ட மாதிரி இருக்கு.

இந்தக் கட்டம் எல்லாருக்கும் வரும், அநேகமா இங்கதான் நிறுத்திடுவாங்க. கண்ணு முதல்ல தேறும், கை பின்னாடிதான் வரும். முன்ன தெரியாத தப்பெல்லாம் இப்போ தெரியுது, அதனால படம் மோசமா இருக்கிற மாதிரி தோணுது. கிழிக்காதீங்கன்னு சொன்னேனே, இதுக்குத்தான். முதல் மாசத்துப் பக்கத்த எடுத்து இன்னிக்கு வரைஞ்சதோட பக்கத்துல வைங்க. இன்னும் நல்லாத் தெரியணும்னா அன்னிக்கு வரைஞ்ச அதே டம்ளர, அதே செருப்ப இன்னிக்கு மறுபடி வரைங்க.

அப்படி வச்சுப் பாத்தும் நிஜமாவே ஒரே இடத்துல நிக்கறீங்கன்னா நீங்க வரையற பொருளப் பாருங்க. தெரிஞ்சதையே வரைஞ்சிட்டிருப்பீங்க. ஒரு பக்கம் திரும்பின முகம் மட்டுமே போடற ஆள் இருக்காங்க, கை வரைய வராதுன்னு எல்லாரையும் கைய பின்னாடி கட்ட வைக்கிற ஆளும் இருக்காங்க. வராதத ஒரு மாசம் வரைங்க. உங்க இடது கை எப்பவும் கூடவேதான் இருக்கு, அதுக்கு சம்பளமும் குடுக்க வேணாம்.

எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்ப வரும்?

தேடாத அன்னிக்கு. ஒரே விகடன்ல, ஓவியர் மாலிகிட்ட பழகின ரெண்டு பேர் கோபுலுவும் சில்பியும். ஒருத்தர் தெருவுல போற மாமா மாமிய நாலு கோட்டுல சிரிக்க வச்சாரு, இன்னொருத்தர் கோயில் கோயிலா உக்காந்து கல்லுச் சிலைல இருக்கிற நகைய மணி மணியா வரைஞ்சாரு. ஸ்டைல் வேணும்னு உக்காந்து யோசிச்சு வந்த மாதிரி தெரியல, யாருக்கு எது பிடிச்சுதோ அதையே விடாமப் பாத்ததுல வந்தது. ஓவியர் ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டு சமயத்துல காந்தியவே திரும்பத் திரும்ப கறுப்பு மைல வரைஞ்சாரு, ஒரே மனுஷன், ஒவ்வொண்ணுலயும் கோடு வேற வேகத்துல ஓடும். உங்களுக்கு சலிக்காதது எதுன்னு பாருங்க, அத அம்பது தடவ வரைங்க. அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) கண்ணு மட்டும் ஸ்டைல்னு நெனச்சிட்டிருக்க சின்னப் பசங்களுக்கும் இதே பதில்தான், அனிமே வரையிறவங்களுக்கும் உடம்போட எலும்பு எங்க இருக்குன்னு தெரியும்.

வீட்ல எத காட்டினாலும் "சூப்பர்"ங்கறாங்க, இன்ஸ்டால போட்டா எட்டு லைக். யார்கிட்ட கேக்கறது?

"எப்படி இருக்கு"ன்னு கேட்டா "சூப்பர்"னுதான் பதில் வரும். "இந்த ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் பாக்குதா?", "இந்த ஆளு உக்காந்திருக்காரா, தொங்கறாரா?"ன்னு கேளுங்க, வரையவே தெரியாத தங்கச்சிகூட கரெக்டா சொல்லிடும். யாரும் இல்லைன்னா படத்த கண்ணாடில காட்டிப் பாருங்க, இடம் வலம் மாறினதும் கோணல் பளிச்சுன்னு தெரியும். லைக்க வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, ஹீரோ முகம்னா ஆயிரம் வரும், டம்ளருக்கு எட்டுதான் வரும், கத்துக்கிட்டது டம்ளர்லதான்.

ஏஐ ஒரு நிமிஷத்துல படம் போட்டுத் தருதே, இனிமே நாம ஏன் கஷ்டப்படணும்?

படம் மட்டும்தான் வேணும்னா கஷ்டப்பட வேணாம். எனக்கு அந்த அரை மணி நேரந்தான் வேணும், கத்திரிக்கா காம்புல எத்தன முள்ளு இருக்குன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்ங்கற மாதிரி. இதவிட பெரிய பதில் என்கிட்ட இல்ல. இதையே பொழப்பா வச்சிருக்கவங்களோட கவலை வேற, அத ஒரு பாராவுல சொல்லி முடிக்க முடியாது.

பக்கத்து வீட்ல போட்ரெய்ட் கேக்கறாங்க. காசு வாங்கலாமா?

வாங்குங்க. ஆனா முகம் பத்தின கேள்வில சொன்னதெல்லாம் ஓரளவு கைவந்தப்புறம். சைஸ் என்ன, எத்தன முகம், எப்ப வேணும், இந்த மூணையும் முதல்லயே எழுதி அனுப்பி பாதிப் பணம் முன்னாடி வாங்கிடுங்க. வாட்ஸப்ல பத்து கை மாறி வந்த மங்கலான போட்டோவ வாங்காதீங்க, கண்ணு இருக்கிற இடத்துல புள்ளிதான் இருக்கும், நாம கற்பனைல போட்டு அப்புறம் "எங்க அப்பா மாதிரி இல்லையே"ம்பாங்க. நடிகர் படத்த வரைஞ்சு பிரின்ட் போட்டு விக்கறதா இருந்தா அந்த போட்டோ எடுத்தவருக்கும் உரிமை இருக்குங்கறத மறந்துடாதீங்க.

எவ்ளோ கேக்கறதுன்னா, எத்தன மணி நேரம் ஆகுதுன்னு ரெண்டு படத்துக்கு குறிச்சு வச்சுப் பாத்துட்டு உங்க நேரத்துக்கு ஒரு விலை வைங்க, பேப்பர், ஃப்ரேம் செலவு தனி. சொந்தக்காரங்க "நமக்குள்ள என்னப்பா காசு"ன்னு வருவாங்க. அறுபதாம் கல்யாணத்துக்கு மட்டும் ஃப்ரீன்னு நாங்க ஒரு வழக்கம் வச்சிருக்கோம், ஃப்ரேம் அவங்களே போட்டுக்கணும்.